பேக்ஸ் வழியாகவும் திருடன் வருவான்!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் ஆன்டி வைரஸ் போடுகிறோம். பயர்வால் இயங்குகிறதா என்று பார்க்கிறோம். ஆனால் பிரிண்டரில் செருகியிருக்கும் டெலிபோன் வயரை யாரும் கவனிப்பதில்லை. பிரிண்டர், ஸ்கேனர், பேக்ஸ் மூன்றும் சேர்ந்த ஆல்-இன்-ஒன் கருவி உங்களிடம் இருந்தால், அந்த வயரும் உங்கள் நெட்வொர்க்கிற்கு ஒரு வாசல்தான்.

பேக்ஸ் எண் போதும்

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெப்கான் மாநாட்டில், செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள் யானிவ் பால்மாஸ், எயால் இட்கின் இருவரும் இதைச் செய்து காட்டினர். எச்.பி. ஆபீஸ்ஜெட் புரோ 6830 பிரிண்டருக்கு வண்ணப்படம் போன்ற ஒரு பேக்ஸ் அனுப்பினர். பேக்ஸ் எண்ணைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பிரிண்டர் அவர்கள் வசமானது. அங்கிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்தனர். இன்டர்நெட் பக்கம் காவல் நிற்கும் பயர்வால், டெலிபோன் லைனில் வருவதைப் பார்ப்பதே இல்லை.

தவறு எங்கே?

வண்ண பேக்ஸ் ஜேபெக் பைலாக வருகிறது. அதன் ஒரு பகுதியைப் படிக்க, பிரிண்டருக்குள் இருந்த புரோகிராம் 256 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வரும் தகவலின் அளவை அது சரிபார்க்கவில்லை. சுமார் 4000 பைட் வரை அதில் கொட்ட முடிந்தது. உழக்கில் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினால் சிந்தத்தானே செய்யும்? மெமரியில் அப்படிச் சிந்தும் தகவல், புரோகிராம் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற குறிப்பை அழித்துவிடுகிறது. பிறகு பேக்ஸ் அனுப்பியவர் சொல்வதைத்தான் பிரிண்டர் கேட்கும்.

சர்வரும் தப்பவில்லை

அலுவலகங்களில் பேக்ஸ்களை மோடம் வழியே வாங்கி பைலாகச் சேமிக்க பேக்ஸ் சர்வர் சாப்ட்வேர் பயன்படுகிறது. லினக்ஸில் இயங்கும் இலவச சாப்ட்வேரான ஹைலாபேக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அதே 2018-ல் இதிலும் ஜேபெக் பேக்ஸை வாங்கும் பகுதியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஹைலாபேக்ஸ் 6.0.7, ஹைலாபேக்ஸ் பிளஸ் 5.6.1 பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. இவற்றுக்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டையும் அப்படியேதான் இருக்கும்.

அப்டேட் ஏன் முக்கியம்?

செக் பாயிண்ட் முன்கூட்டியே தகவல் தந்ததால், மாநாட்டிற்கு முன்பே எச்.பி. திருத்திய பர்ம்வேரை வெளியிட்டுவிட்டது. விண்டோஸில் நுழையப் பயன்பட்ட ஓட்டையையோ மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே அடைத்திருந்தது. இரண்டில் ஒன்றை அப்டேட் செய்திருந்தாலும் திருடன் வழியிலேயே நின்றிருப்பான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிரிண்டரின் செட்டிங்ஸ் மெனுவில் பர்ம்வேர் அப்டேட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். இமெயிலில் வரும் அப்டேட் லிங்க்குகளை நம்ப வேண்டாம்.

2. பர்ம்வேர் ஏறும்போது மின்சாரம் போனால் பிரிண்டர் பழுதாகலாம். யு.பி.எஸ். இருந்தால் நல்லது.

3. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள்.

4. பேக்ஸ் பயன்படுத்துவதில்லையா? டெலிபோன் வயரைக் கழற்றிவிடுங்கள். செலவில்லாத பாதுகாப்பு இதுதான்.

5. பழைய மாடலுக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டால், அதை பேக்ஸ் லைனில் இணைக்காமல் பிரிண்ட் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.