படகில் ஏ.ஸி. உண்டா?

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு படகு ஏ.ஸி. பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்பீர்கள். சொல்கிறேன். செங்கோட்டை - புனலூர் பாதை 2018-ல் அகலப் பாதையாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா டப்பாவோடு ரயில் ஏறினால் கொல்லம், அப்புறம் ஆலப்புழை. ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்தால் ஹவுஸ்போட்!

'ஏ.ஸி. உண்டா?' என்று கேட்டால் 'உண்டு' என்பார்கள். எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். மத்தியான வேர்வைக்கு மின்விசிறி.

காரணம், டீசல். நடுக்காயலில் ஏது கரண்ட் கம்பி? ஜெனரேட்டர்தான். ஒரு டன் என்பது மெஷினின் எடையல்ல ஸார். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி. அதற்கு மணிக்குச் சுமார் ஒரு யூனிட் கரண்ட். பழைய மாடல் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். மூன்று அறையும் ஒன்றாகக் கிளம்பினால் ஜெனரேட்டர் திணறும். இன்வெர்ட்டர் மாடல் மெல்லத்தான் வேகமெடுக்கும்.

கடல் படகுகளில் தண்ணீரை உறிஞ்சி வெப்பத்தைக் கழிக்கும் ரகம் உண்டு. ஆகாயத்தாமரை மண்டிய காயலில் குழாய் அடைத்துக்கொள்ளும். எனவே மானேஜர் ரூமில் இருக்கும் அதே ஸ்ப்ளிட்தான்.

நான் முதலில் பார்ப்பது ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம் என்று. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறைக்குள் புகுந்தால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று அலாரம் கிடைக்கிறது. இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

போன தடவை ராத்திரி மூன்று மணிக்கு ஏ.ஸி. நின்றது. ஜன்னலைத் திறந்தோம். ஜில்லென்று காற்று வந்தது. கூடவே கொசுவும்.