திண்டுக்கல் வட்டாரத் தவக்கால வழிபாட்டில் நேர்ச்சையும் கீழ்ப்படிதலும்

ஆய்வுச்சுருக்கம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு உள்ளத்தை ஆயத்தம் செய்யும் 40 நாள் நோன்பு, திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் நேர்ச்சை மரபு வேரூன்றிய மண்ணில் கடைப்பிடிக்கப்படுகிறது. தானே விரும்பி நேரும் நேர்ச்சைக்கும் பிறர் சொல் கேட்டு நடக்கும் கீழ்ப்படிதலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்பொருள், வழிபாட்டு வரலாறு ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. பெரிய வியாழனன்று நிகழும் பாதம் கழுவும் சடங்கு அவ்வேறுபாட்டின் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தவக்காலம், ஒருசந்தி, நேர்ச்சை, கீழ்ப்படிதல், பாதம் கழுவுதல், பாஸ்கா திருவிழிப்பு.

முன்னுரை

திண்டுக்கல் பகுதியின் கத்தோலிக்கம் இயேசு சபையினரின் மதுரை மிஷன் வழியாக வளர்ந்தது. நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2003 நவம்பர் 10 அன்று தனி மறைமாவட்டமாயிற்று. சீர்திருத்தக் கிறித்தவம் வேறு வழியில் வந்தது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் கால் ஊன்றியது. 1947இல் அதன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. ஆகவே, ஒரே ஊரில் ‘தவக்காலம்’ என்றும் ‘லெந்து நாட்கள்’ என்றும் இரு பெயர்களால் ஒரே நோன்பு வழங்கப்படுகிறது.

நோன்பு வரும் பருவம் கருதத்தக்கது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. 2024இல் மார்ச் 25 பௌர்ணமி. மார்ச் 31 உயிர்ப்பு ஞாயிறு. இதனால் நோன்பின் பெரும்பகுதி மாசி, பங்குனி மாதங்களில் அமைகிறது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கும் நத்தம் மாரியம்மனுக்கும் மாசித் திருவிழா நடப்பதும், பழனியில் பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் சேர்வதும் இப்பருவத்தில்தான். காப்புக் கட்டி, புலால் விலக்கி, பூக்குழி இறங்கும் மக்களின் அண்டைவீட்டில் சிலுவைப்பாதை செபம் நடக்கிறது. இரு வீட்டாருக்கும் உடலை ஒறுத்தல் அயலான கருத்தன்று. நோன்பின் முதல் நாளை மூத்த தலைமுறையினர் ‘விபூதிப் புதன்’ என்றே வழங்குவர். ‘திருநீற்றுப் புதன்’ என்னும் இன்றைய வழக்கும் சைவச் சொல்லாட்சியை விட்டு விலகவில்லை.

நேர்ச்சையின் இலக்கணம்

நேர்ச்சை என்பது நேர்தல். ஒன்றைத் தருவதாகத் தானே முன்வந்து ஒப்புதல். எதை, எவ்வளவு, எப்போது என்பவற்றை நேர்பவரே வரையறுக்கிறார். திண்டுக்கல்லை அடுத்த முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதம் நிகழும் புனித செபஸ்தியார் திருவிழா இதற்குச் சிறந்த சான்று. ஆட்டுக்கிடாய், கோழி, அரிசி, காய்கறி என மக்கள் நேர்ந்தளிப்பவை ஒன்றாகச் சமைக்கப்பட்டு, சமய வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோருக்கு விருந்தாகின்றன. தனி ஒருவரின் வேண்டுதல் ஊர்ப்பந்தியாக விரியும் இந்நிகழ்வைக் காண்பவர், நேர்ச்சையை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று தள்ளிவிட முடியாது.

எனினும் நேர்ச்சையில் ஓர் எல்லை உண்டு. நேர்பவர் தம் விருப்பத்தை விட்டு வெளியே வரத் தேவையில்லை. விவிலியத்தில் சவுல் அரசன் கதை இவ்வெல்லையையே சுட்டுகிறது. அழிக்கச் சொன்ன மந்தையில் சிறந்தவற்றைப் பலிக்கென ஒதுக்கிவைத்த அவனைச் சாமுவேல் கண்டிக்கிறார். சவுல் பலியிட மறுக்கவில்லை. கேட்கப்பட்டதை விட்டுத் தான் தேர்ந்ததைத் தர முன்வந்தான்.

‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல்

சாமுவேல் கூற்றில் எபிரேய மூலத்தின் சொல் கேட்டலைக் குறிப்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் கீழிருந்து செவிகொடுத்தலையே உணர்த்தும். இலத்தீனச் சொல்லின் வேரும் கேட்டலே. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த ‘கீழ்ப்படிதல்’ வேறு படிமம் உடையது. படிதல் என்பது அடங்குதல், தங்குதல். கலங்கிய நீரில் வண்டல் படிவதுபோல. இதில் செவி இல்லை. தாழ்வு மட்டுமே உள்ளது. மேல் கீழ் என்று மனிதரை அடுக்கிவைத்த ஒரு சமூகத்தில் இச்சொல் எளிதில் திரிபுற்றது என்பது என் கருத்து. கூலியாள் நிலவுடைமையாளருக்கும், மருமகள் மாமியாருக்கும் கீழ்ப்படிவதற்கும் அதே சொல்தான் வழங்கியது.

ஆனால் பேச்சுத்தமிழ் மூலத்தின் பொருளைத் தவறவிடவில்லை. ‘அம்மா சொன்னால் கேள்’ என்னும்போது கேட்டல் என்பது நடத்தலே. ‘கேள்’ என்னும் ஒரு வினையில் செவியுறுதல், வினவுதல், சொற்படி ஒழுகுதல் மூன்றும் அடங்கும். சங்க இலக்கியத்தில் ‘கேள்’ என்னும் பெயர்ச்சொல் உறவினரையும் நண்பரையும் குறிக்கும். இரண்டும் ஒரே வேரின என்று இங்கு வாதிடவில்லை. எனினும் தவக்கால மறையுரையாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

பழைய கத்தோலிக்க மந்திர நூல்கள் திருச்சபைக் கட்டளைகளில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இரண்டைக் கூறின. நாளுக்கு ஒரு முழு உணவோடு நிற்பது முன்னது. இறைச்சி விலக்குவது பின்னது. ‘ஒருசந்தி’ புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்கும் வழங்கும் சொல்லே. வேறுபாடு, விரதம் விதிப்பவர் யார் என்பதில் இருந்தது. கத்தோலிக்கருக்கு அது கட்டளை. நோயாளியும் முதியவரும் விலக்குப் பெறலாமே தவிர, வேண்டுதல் இல்லை என்பதால் எவரும் விலகியிருக்க முடியாது. குரு ஆண்டில் ஓரிரு முறையே வரக்கூடிய ஊர்களில் உபதேசியார்களே மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினர்; ஒழுங்கைக் கட்டிக்காத்ததில் அவர்கள் பங்கு பெரிது. அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார்.

1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை இந்நிலையை மாற்றியது. உண்ணாநோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களுக்குச் சுருங்கியது. எனினும் தமிழகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் 40 நாளும் புலால் சமைப்பதில்லை. கட்டளை சுருங்கிய இடத்தை நேர்ச்சை நிரப்பிக்கொண்டது எனலாம். முன்பு கேட்டுச் செய்தது, இன்று தாமே தேர்ந்து செய்வதாயிற்று. பக்தி குறையவில்லை, அதன் தன்மை மாறியது. இதைக் கவனிக்காமல் ‘மரபு மாறாமல் தொடர்கிறது’ என்று எழுதும் கள ஆய்வுகள் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன.

அப்படியாயின் கீழ்ப்படிதல் எங்கே இடம்பெயர்ந்தது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தவக்காலத்தின் இரு கூறுகளாகத் திருமுழுக்கையும் மனமாற்றத்தையும் குறித்தது. நோன்பு அகத்தோடும் தனியாளோடும் நில்லாமல், புறத்திலும் சமூகத்திலும் வெளிப்பட வேண்டும் என்றது. உணவுத்தட்டில் இருந்த கட்டளை தெருவுக்கு வந்தது.

தென்னிந்தியத் திருச்சபையின் நிலை சுவையானது. திண்டுக்கல்லுக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், திருச்சபை நாள்காட்டியை ஒதுக்கிய பியூரிட்டன் முன்னோரின் வழிவந்தவர்கள். அவர்களுக்குக் கீழ்ப்படிதல் என்பது வேதவசனம் கேட்டு நடத்தல். ஆங்கிலிக்க மரபோடு 1947இல் ஏற்பட்ட இணைப்பு, நாற்பது நாள் ஒழுங்குக்கு உறுதியான இடமளித்தது. பெரிய வெள்ளியன்று ஏழு சிலுவைமொழிகள் குறித்து நிகழும் மூன்றுமணி ஆராதனை, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டு லீமா நகரில் அலோன்சோ மெசியா என்னும் இயேசு சபைக் குருவிடமிருந்து பரவியது என்பது, பிரிந்த சபைகள் ஒன்றிடம் ஒன்று எவ்வளவு கடன்பட்டவை என்பதைக் காட்டும்.

பாதம் கழுவுதல்: உரைகல்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குருவானவர் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, மக்களின் பாதங்களைக் கழுவுகிறார். இச்சடங்கு 1955ஆம் ஆண்டுப் பெரியவாரச் சீர்திருத்தத்தால்தான் பங்குக் கோயில்களின் மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. ஆடவர் மட்டுமே அமரலாம் என்றிருந்த விதியை 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றி, இறைமக்கள் எவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்.

தமிழ்நாட்டில் பாதம் எளிய உறுப்பன்று. காலைத் தொடுதல், காலில் விழுதல், செருப்பைக் கழற்றி நடத்தல் ஆகிய அனைத்தும் சாதியின் நெடிய வரலாற்றை உடையவை. செருப்பணிந்து சில தெருக்களில் நடக்கக்கூடாது என்றிருந்த சமூகத்தில், யார் பாதத்தை யார் கழுவுவது என்பது வெறும் அடையாள வினா ஆகாது. தேர் செல்லும் தெரு, கல்லறைத் தோட்டத்தின் சுவர் ஆகியவை குறித்த பூசல்கள் தமிழகத் திருச்சபையில் மறைக்க முடியாதவை. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் நீடிப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒப்புக்கொண்டது.

எவரும் தம் விருப்பமாகத் தம் தெருவாரின் பாதத்தையே கழுவ நேர்ந்துகொள்ளலாம், அது நேர்ச்சையாகும். யோவான் நற்செய்தியில் சீடருக்கு விடுக்கப்படுவது அவ்வாறன்று. ஒருவர் மற்றவருடைய பாதங்களைக் கழுவ வேண்டும் என்பது கட்டளை. அங்கே யூதாசின் பாதமும் விலக்கப்படவில்லை. யாரை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கழுவுபவரிடம் இல்லை என்பதே இச்சடங்கின் கடுமை. பன்னிருவரையும் ஒரே தெருவிலிருந்து அமர்த்தும் பங்கு, 40 நாள் புலால் விலக்கியிருந்தாலும், கேட்கப்பட்டதைச் செய்ததாகாது. தாழ்வு யாருக்கு உரியது என்பதும் இங்கே தலைகீழாகிறது: படிபவர் மேலிருப்பவர். சொல்லாராய்ச்சியில் கண்ட ‘கீழ்ப்படிதலின்’ சிக்கலுக்குச் சடங்கே விடையளிக்கிறது.

திருவிழிப்பின் வினாக்கள்

சனிக்கிழமை காலையில் நடந்துவந்த பாஸ்கா திருவிழிப்பை, 1951இல் சோதனை முறையாகவும் 1956 முதல் அனைவருக்கும் உரியதாகவும், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இரவுக்கு மீட்டார். கோயிலுக்கு வெளியே புதுநெருப்பு மூட்டப்படுகிறது; பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் ஒளி ஏறுகிறது. நீண்ட வாசகங்களைக் கேட்டபின் மக்கள் தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். குரு வினவுகிறார், மக்கள் விடையளிக்கின்றனர். தீமையை விலக்குவது பற்றிய வினாக்கள் முதலில். நம்பிக்கை பற்றியவை பின்னர். இலத்தீன மூலத்தில் வினாக்கள் பன்மையில் அமைந்தவை. விடைகள் ஒவ்வொன்றும் ஒருமையில் உள்ளன.