உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் யாழ்ப்பாணத்துக்கு ஏன் வருவதில்லை?

சொந்தப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவோர் ஆண்டுதோறும் இலங்கைக்கு வருகிறார்கள். தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து வாடைக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து, காலியிலோ திருகோணமலையிலோ நங்கூரமிடுவார்கள். சில நாட்கள் ஊர் பார்த்தபின் மாலைதீவு, செங்கடல் நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். கடலே வேலியாக உள்ள யாழ்ப்பாணம் அவர்களின் பாதையில் இல்லை.

முதற் காரணம் கடலின் ஆழம். இத்தகைய படகுகளின் அடிப்பகுதி பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை நீருக்குள் இறங்கி நிற்கும். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் பல இடங்களில் அவ்வளவு ஆழம் கிடையாது. எனவே மேற்கே போகும் படகு தீவின் தெற்கைச் சுற்றியே போக வேண்டும். அடுத்தது அனுமதி. வெளிநாட்டுப் படகு முகவர் ஊடாக முன்னறிவித்து, சுங்கமும் குடிவரவும் உள்ள துறைமுகத்திலேயே முதலில் நுழையலாம். மூன்றாவது காரணம் நாம் அறிந்த போர். பல ஆண்டுகள் நம் கடற்றொழிலாளருக்கே கடல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, உல்லாசப் படகு எப்படி வரும்?

ஆனால் எமது கரை இந்த உலகத்துக்குப் புதிதல்ல. 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன், பின்னர் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

இன்று படகைத் திருகோணமலையிலோ காலியிலோ விட்டுவிட்டு, பேருந்திலும் புகையிரதத்திலும் யாழ்ப்பாணம் வருவோர் சிலர் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் தொடங்கியது. வருபவர்கள் கோட்டை, நல்லூர், நூலகம் பார்க்கிறார்கள். நேரமிருந்தால் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போய், பவளக்கல் வேலிகளையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் காண்கிறார்கள். நூலகத்தின் வெள்ளைக் கட்டடத்தைப் படமெடுப்பவருக்கு, 1981 இல் அங்கே 97,000 நூல்கள் வரை எரிந்ததை யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தே அவர் கொண்டுபோகும் யாழ்ப்பாணமும் அமையும்.

கடல்வழி மெல்லத் திறக்கிறது. 2023 யூனில் சென்னையிலிருந்து வந்த பயணக் கப்பல் காங்கேசன்துறையில் தரித்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14 இல் நாகபட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் சேவை தொடங்கியது. நாளை தனிப் படகுகளுக்கும் அங்கே இடம் ஒதுக்கப்படலாம்.

பெரிய கப்பலில் வருபவர் உணவையும் உறக்கத்தையும் கப்பலிலேயே முடித்துக்கொள்வார். தனிப் படகில் வருபவருக்கோ குடிநீர், டீசல், மரக்கறி, கிழிந்த பாய் தைக்க ஒருவர், இயந்திரம் திருத்த ஒருவர், ஊர் சுற்ற முச்சக்கர வண்டி எல்லாமே கரையில் வேண்டும். அந்தப் பணம் இறங்குதுறையை ஒட்டி வாழும் மக்களின் கைக்கே முதலில் போகும்.

காங்கேசன்துறையை ஒட்டி வாழ்ந்த மக்கள் 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் விடுவிக்கப்பட்டது. காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டாலும், இன்னும் ஒரு பகுதி இராணுவத்திடமே உள்ளது. உரியவர்கள் திரும்பாத கரையில் உல்லாசப் படகு வந்து கட்டினால், அதற்குத் தண்ணீர் விற்பவரும் வேறொருவர், ஊரின் கதையைச் சொல்பவரும் வேறொருவர். ஆகவே, படகுகளுக்கு இறங்குதுறை அமைக்கும் பேச்சு எழும்போது, அந்தக் காணிகளின் விடுவிப்பும் அதே மேசையில் பேசப்பட வேண்டும்.