அயர்லாந்தின் திண்ணை

'பப்' என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். மது தொடாத எனக்கும் தயக்கம்தான். டப்ளினில் வேலை பார்த்த மகள் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தபோது, "மாமா, அங்கே டீயும் கிடைக்கும்" என்று சொல்லி மாப்பிள்ளை தெருமுனைப் பப்புக்கு அழைத்துப் போனார். கிடைத்தது, ஒரு கெட்டில் நிறைய!

இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் மர அறை. ஒரு கணப்பு. கிராமங்களில் மளிகைக் கடையும் பப்பும் ஒன்றாகவே இருந்ததுண்டு. டிங்கிள் என்ற ஊரில் 'ஃபாக்ஸி ஜான்ஸ்' பப்பில் ஒரு பக்கம் இரும்புச் சாமான், மறுபக்கம் பீர். ஆணி வாங்க வந்தவர் சும்மா போவாரா?

என்னைக் கவர்ந்தது 'ஸ்னக்'. மரத் தடுப்பும் மங்கல் கண்ணாடியும் வைத்து மறைத்த குட்டி அறை. உள்ளிருந்தபடியே கேட்டு வாங்கக் கவுன்டர் பக்கம் ஒரு சிறு ஜன்னல். நம் முதல் வகுப்புக் கூப்பேயை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பாரில் நிற்பதை ஊர் ஏற்காத நாளில் அவர்களும், பாதிரியாரும், போலீஸ்காரரும் பிறர் கண்ணில் படாமல் குடித்த இடம். டப்ளின் பேகட் தெருவில் 'டோனர்ஸ்' பப்பின் ஸ்னக் பெயர் பெற்றது.

கறுப்பு நிறக் கின்னஸை முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, பிறகுதான் நிரப்புகிறார்கள். சுமார் இரண்டு நிமிஷம். அதற்குள் பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கொடுத்துவிடுகிறார். (அந்தக் கின்னஸ் ஆலைக்குள் ஒரு காலத்தில் 22 அங்குல கேஜில் ரயில் ஓடியது, மேல்தளம் ஏறச் சுருள் சுரங்கம்கூட உண்டு. ரயில்வேக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியுமா!) நாலு பேர் கூடினால் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் வாங்க வேண்டும். இதற்கு 'ரவுண்டு' என்று பெயர். என் டீக்கும் விலக்கில்லை. என் முறை வந்ததும் மூன்று கின்னஸுக்குக் காசு கொடுத்தேன்.

தினமும் ஏழு மணிக்கு வரும் ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர். அவர் ஏழரைக்குள் வராவிட்டால் கவுன்டர்க்காரர் வீட்டுக்குப் போன் செய்வாராம்.

கிராமங்களில் இந்தப் பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 2011-ல் வண்டி ஓட்டுபவர்களுக்கான ஆல்கஹால் வரம்பை 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மி.கி.யிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். பஸ் வசதி இல்லாத பக்கத்து முதியவர்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். தனிமை அவர்களை வாட்டுகிறது என்று சொல்லி, இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு ஓட்ட அவர்களுக்கு பர்மிட் கேட்டு 2013 ஜனவரியில் கெர்ரி கவுன்டி கவுன்சில் தீர்மானமே போட்டது! சட்டமாகவில்லை, ஆகியிருக்கவும் கூடாது. பிரேக் பிடிக்க வேண்டிய தூரம், ஓட்டுபவரின் தனிமைக்கு இரங்கிக் குறையாது. ஆனால் அந்தத் தனிமை பொய்யில்லை. 2018-ல் சில கிராமப்புறத் தடங்களில் இரவு பஸ் விட ஆரம்பித்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.