வராத புயல்களுக்கும் ஒரு கணக்கு

1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் புரட்டிப்போட்டபோது, விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வரை காட்டிவிட்டுப் பழுதானது. உச்ச வேகம் என்ன என்பது இன்றுவரை ஊகம்தான். கடும்புயல் ஒரே ஊரை எப்போதாவதுதான் தாக்கும். தாக்கினால் கருவி தாங்காது. செயற்கைக்கோள் வந்தபிறகு சேர்ந்த நம்பகமான பதிவோ அரை நூற்றாண்டுச் சொச்சம். இதை வைத்துக்கொண்டு, 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீசக்கூடிய காற்றுக்கு வீடு கட்டு என்றால் பொறியாளர் எங்கே போவார்?

அந்த இடைவெளியை நிரப்ப, ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு நிறுவனம் டிசிஆர்எம் என்ற மென்பொருளை உருவாக்கியது. பைத்தானில் எழுதப்பட்ட அதன் நிரலை யாரும் இலவசமாக இறக்கிப் பிரித்துப் பார்க்கலாம். பழைய புயல்கள் எங்கே உருவாயின, எப்படி நகர்ந்தன, மைய அழுத்தம் எப்படி மாறியது என்பதைக் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கெடுத்து, அதே குணமுள்ள கற்பனைப் புயல்களை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அது ஓடவிடும். ஒவ்வொன்றின் காற்றையும் அழுத்தத்திலிருந்து கணக்கிடும். அதற்கு உதவும் சூத்திரங்களில் ஒன்று கிரெக் ஹாலண்ட் 1980-இல் தந்தது. அழுத்தம் மையத்தை நோக்கி எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதை அதில் 'பி' என்ற ஓர் எண் குறிக்கும். ட்ரேசியின் மைய அழுத்தம் 950 மில்லிபார். சுற்றுப்புறம் 1,010 என்று கொள்வோம். பி 1 என்றால், தரை உராய்வு எட்டாத உயரத்தில் காற்று மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். 2 என்றால் சுமார் 220. கூரைமேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அது அப்படியே இரு மடங்காகிவிடும். ஓர் எண்ணுக்கே இந்தப் பாடு என்றால், முடிவை மட்டும் சொல்லி அனுமானங்களை மூடிவைக்கும் மாதிரியை எப்படி நம்புவது? திறந்த நிரல் தாராள மனத்தின் அடையாளம் மட்டுமல்ல, சரிபார்ப்பின் ஒரு பகுதி என்பதே என் கட்சி.

நடக்காத புயலில் என்ன உண்மை என்று கேட்கலாம். தனிப்புயலில் ஒன்றுமில்லை; கூட்டத்தில் இருக்கிறது. கற்பனைப் புயல்கள் கரையைக் கடக்கும் விகிதம் பழைய பதிவோடு ஒத்துப்போகிறதா என்று உரசிப் பார்க்கலாம். பதிவே பிழையானால் பிழையும் பெருகும், மறுப்பதற்கில்லை. காப்பீட்டுத் துறைக்கான மூடிய மாதிரிகளின் பின்னால் இழப்பீட்டுக் கணக்குகள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவை வீடு எப்படி இடியும் என்பதற்குத்தான் கூடுதல் சாட்சி; காற்றைப் பொறுத்தவரை எல்லோருக்கும் அதே குறுகிய வரலாறுதான். வங்கக் கடலின் புயல் பாதைகளையும் டிசிஆர்எம்மில் செலுத்தலாம். ஆனால் 1970 போலா புயலில் நடந்ததுபோல அங்கே பெரும் உயிர்ப்பலி வாங்கியது பொங்கிவந்த கடல். அதைக் கணக்கிட, இந்தக் காற்றையும் அழுத்தத்தையும் உள்ளீடாக எடுத்துக்கொள்ளும் வேறொரு மாதிரி வேண்டும்.