அடுத்த தடவை திண்டுக்கல்லைத் திருச்சி ஜெயிக்குமா?

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஒரே கேள்விதான்: "அண்ணா, அடுத்த டி.என்.பி.எல்-ல திண்டுக்கல்லோட மோதும்போது நம்ம திருச்சி தேறுமா?"

தஞ்சாவூருக்குன்னு தனி டீம் கிடையாது. அதனால டெல்டாக்காரங்களுக்கு 'நம்ம டீம்'னா திருச்சி கிராண்ட் சோழாஸ். முன்னாடி ரூபி திருச்சி வாரியர்ஸ், அப்புறம் பால்சி திருச்சின்னு இருந்த அதே அணிதான். பேர் மாறிக்கிட்டே இருக்கு, கப் மட்டும் வரல. 2021 ஃபைனல்ல சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ்கிட்ட வெறும் 8 ரன்ல தோத்தாங்க. 2023-ல ஆடின 7 மேட்ச்சும் தோல்வி. அங்கிருந்து எழுந்து 2025-ல முதல் நாலு இடத்துக்குள்ள வந்து, எலிமினேட்டர்ல திண்டுக்கல் டிராகன்ஸை சந்திச்சாங்க.

தம்பியோட கேள்விக்குப் பதில் அந்த எலிமினேட்டர்லதான் இருக்கு. திருச்சி முதல்ல பேட் பண்ணி 140 ரன். அஸ்வின் 3 விக்கெட். அதோட விடல, ஓப்பனிங் இறங்கி 48 பந்துல 83 ரன் அடிச்சார். மூணு ஓவருக்கு மேல மிச்சம் வச்சு திண்டுக்கல் ஜெயிச்சது. ஒரே ஆள் நம்மளை அடிச்சுட்டுப் போயிட்டார்னு அன்னைக்கு எல்லாரும் பேசினாங்க.

ஆனா ஸ்கோர்கார்டைத் திருப்பிப் பாருங்க. அஸ்வினோட 83-ஐ எடுத்துட்டா, எக்ஸ்ட்ராவையும் சேர்த்து மீதி எல்லாரும் எடுத்தது 60 ரன்தான். 6 விக்கெட் விழுந்துச்சு. அதாவது திருச்சி பவுலர்கள் ஒருத்தரைத் தவிர மத்தவங்களைக் கட்டிப் போட்டாங்க. அந்த ஒருத்தரை இருபது ரன்ல அனுப்பியிருந்தா 140-ம் போதுமான ஸ்கோரா மாறியிருக்கலாம்.

அப்போ பிரச்சினை எங்கே? பேட்டிங்ல. இன்னும் சரியா சொன்னா, பவர்பிளேல. முதல் 6 ஓவர்ல வட்டத்துக்கு வெளிய ரெண்டு ஃபீல்டர்தான் நிக்கலாம். ஏழாவது ஓவர்லேர்ந்து அஞ்சு பேர். பவுண்டரி சுலபமா கிடைக்கிற நேரத்துல அடிக்காம விட்டா, அப்புறம் பரவின ஃபீல்டுக்கு எதிரா, சுழல் வந்த பிறகு, கஷ்டப்பட்டு அடிக்கணும். அதுக்காகக் கண்ணை மூடிட்டு வீசவும் முடியாது. 6 ஓவர்ல 50 ரன், ரெண்டு விக்கெட்டுக்குள்ள. என் கணக்குல அது நல்ல தொடக்கம். 2023-லேர்ந்து இம்பாக்ட் பிளேயர் விதி இருக்கு, ஒரு பேட்ஸ்மேன் கூடுதலா கையில இருக்கார். அந்த தைரியத்துல ஓப்பனர்கள் கொஞ்சம் ரிஸ்க் எடுக்கலாம்.

தனி ஆள் ஒருத்தர் அடிச்சா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்ல. 2022-ல முரளி விஜய் இதே திருச்சிக்காக நெல்லைக்கு எதிரா 66 பந்துல 121 அடிச்சார், 12 சிக்ஸர். அந்த மேட்ச்சையும் திருச்சி தோத்துச்சு. பார்த்தவங்களுக்கு இன்னும் வலிக்கும்.

டி20 எவ்வளவு நம்ப முடியாததுன்னு புரியணும்னா அதே 2025 சீசன் போதும். சேப்பாக்கம் லீக்ல 7-க்கு 7 ஜெயிச்சாங்க. பிளே ஆஃப்ல ரெண்டு மேட்ச் ஆடினாங்க, ரெண்டுலயும் தோத்தாங்க. ஃபைனலுக்கே வரல! நம்மளை அடிச்ச திண்டுக்கல் ஃபைனல் வரை போய், திருப்பூர்கிட்ட 118 ரன் வித்தியாசத்துல தோத்துச்சு. 120 பந்துதான் ஆட்டம். ஒரு கேட்ச் விட்டா சரிசெய்ய நேரம் கிடையாது.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப உறுத்துறது. திண்டுக்கல்லுக்கு நத்தத்துல என்.பி.ஆர். கல்லூரி மைதானம் சொந்த வீடு மாதிரி. எந்தப் பக்கம் காத்து, எந்த பிட்ச்ல பந்து நின்னு வரும்னு அவங்களுக்கு அத்துப்படி. 2025-ல மேட்ச் நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல்ல மட்டும். பேர்ல சோழர் இருக்காங்க, சோழநாட்டுல ஒரு மேட்ச் கூட இல்ல. திருச்சிக்கு எல்லா மேட்ச்சும் வெளியூர் மேட்ச்தான்.

டி.என்.பி.எல். சீசன் வேற ஜூன், ஜூலைல வருது. மேட்டூர் ஜூன் 12 திறந்தா குறுவை வேலை ஆரம்பிச்சுடும். அறுவடை முடிஞ்ச வயல்ல டென்னிஸ் பால் அடிச்ச பசங்களுக்கு, கரெக்டா டிவில கிரிக்கெட் வர்ற நேரத்துல கிரவுண்டு சேறாயிடும். நேர்ல போய்ப் பார்க்கலாம்னா, தஞ்சாவூர்லேர்ந்து திருச்சி, அங்கேர்ந்து நத்தம். ராத்திரி மேட்ச் முடிஞ்சு திரும்ப பஸ் பிடிக்கிறதை யோசிச்சுப் பாருங்க.

சரி தம்பி, பதில் சொல்லிடுறேன். நத்தத்துல நடந்தா நான் திண்டுக்கல்லுக்கு 55, திருச்சிக்கு 45 கொடுப்பேன். சேலம் மாதிரி பொதுவான இடத்துல நடந்தா சரிபாதி. டாஸ் முடிஞ்சதும் எனக்கு மெசேஜ் போடாதீங்க. திருச்சி பேட்டிங்ல ஆறாவது ஓவர் முடியட்டும், ஸ்கோரைப் பார்த்துட்டுப் போடுங்க.