ராணுவ அதிகாரி வேலை: வடிகட்டுவது வினாத்தாள் அல்ல, ஐந்து நாள்

பட்டப்படிப்பை முடித்தவர் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் சி.டி.எஸ். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் தேர்வு இது. டேராடூன் ராணுவ அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என மூன்று தாள்கள். தாளுக்கு 100 மதிப்பெண். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு (ஓ.டி.ஏ.) கணிதத் தாளே கிடையாது. நம் பிள்ளைகள் இதையும் குரூப் தேர்வைப் போல நினைத்து, பொது அறிவுப் புத்தகத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். டேராடூனுக்கு எழுத்துத் தேர்வு 300 என்றால், பணித் தேர்வு வாரியம் (எஸ்.எஸ்.பி.) ஐந்து நாள் நடத்தும் நேர்காணலும் 300, பரங்கிமலைக்கு 200, 200. தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) 'சி' சான்றிதழோடு வருகிறவர்களுக்கும், பொறியியல் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்ப நுழைவுக்கும் எழுத்துத் தேர்வே இல்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் எஸ்.எஸ்.பி.யைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. தயாரிப்பின் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும். நம் ஊரில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

எஸ்.எஸ்.பி. முறை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அது எதைத் தேடுகிறது என்பதும் புரியும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் குடும்பம், படித்த பள்ளி ஆகியவற்றை விசாரித்து, சிறிய நேர்காணலிலேயே அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது. அப்படி வந்தவர்களில் பலர் பயிற்சியில் தேறாமல் திரும்பினார்கள். 1942-இல் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து புதிய தேர்வு வாரியங்களை வடிவமைத்தார்கள். ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, தலைவர் யார் என்று சொல்லாமல் விட்டுப் பார்க்கும் உத்தி வில்ஃப்ரெட் பியான் என்ற மருத்துவருடையது. அடுத்த ஆண்டே டேராடூனில் அந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்றைய எஸ்.எஸ்.பி.யின் வேர் அதுதான். பரம்பரையும் பரிந்துரையும் பார்த்து ஆள் எடுப்பதற்கு மாற்றாக வந்த ஏற்பாடு என்பதை மறந்துவிடக் கூடாது.

எஸ்.எஸ்.பி.யின் முதல் நாள் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டிக் கதை எழுதச் சொல்கிறார்கள். முதல் நாள் சோதனைகளில் தேறாதவர்கள் அன்றே ஊருக்குத் திரும்புகிறார்கள். அடுத்து உளவியல் சோதனை: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு மைதானம். மார்பில் எண் கட்டிய சிறு குழு. கையில் ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு. சிவப்பு வண்ணம் பூசிய இடத்தில் காலும் படக் கூடாது, பலகையும் படக் கூடாது; அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஒருவர் சத்தமாக யோசனை சொல்லலாம். இன்னொருவர் பேசாமல் பலகையின் மறுமுனையை அழுத்திப் பிடித்து நால்வரைக் கடக்க வைக்கலாம். அதிகாரி இருவரையும் குறித்துக்கொள்கிறார். உளவியலாளர், மைதானத்து அதிகாரி, நேர்காணல் செய்பவர் ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். கடைசி நாள் கூட்டம் வரை ஒருவர் கணிப்பு மற்றவருக்குத் தெரியாது.

பயிற்சி மையத்தில் மாதிரிப் பதில்களை உருப்போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இந்த மூவர் ஏற்பாடே அதற்குப் பதில். தாளில் வீரக் கதை எழுதியவர் மைதானத்தில் பிறர் யோசனையைக் காதில் வாங்காமல் நின்றால், மூன்று சித்திரங்களும் ஒட்டாது. பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. நேரத்துக்குள் எழுதவும் கூச்சம் விட்டுப் பேசவும் அது உதவும். ஆனால் கல்லூரி விழாவை முன்நின்று நடத்தியவருக்கும் அணியோடு விளையாடித் தோற்றுப் பழகியவருக்கும் இருக்கும் இயல்பை இரண்டு வாரத்தில் யாரும் ஊட்டிவிட முடியாது. ஒருமுறை தேறாவிட்டாலும் வயது வரம்புக்குள் மறுபடி போகலாம்.

ஆங்கிலம்தான் தடை என்ற வாதம் இதைவிடக் கனமானது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத விடும் அதே யு.பி.எஸ்.சி., சி.டி.எஸ். வினாத்தாளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது அநீதி. தமிழக மக்கள் பிரதிநிதிகள் விடாமல் கேட்க வேண்டிய விஷயம். அதே நேரம், எஸ்.எஸ்.பி.யில் தேவைப்படுவது அலங்கார ஆங்கிலம் அல்ல. 'நீ அந்தக் கயிற்றைக் கட்டு, நான் பலகையைப் பிடிக்கிறேன்' என்று தயங்காமல் சொல்லும் அளவு போதும். ஒரு வருடம் தினமும் பேசிப் பழகினால் கிராமத்துக் கல்லூரி மாணவருக்கும் அது வசப்படும். அந்த அச்சத்தால் விண்ணப்பமே போடாமல் இருப்பதுதான் பெரிய இழப்பு.

பரங்கிமலை வழியாகக் கிடைக்கும் குறுகிய காலப் பணி பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் நான்கு. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேற வேண்டும் என்பது உண்மை. வீட்டுக்குச் சொல்லிவிட்டே சேர வேண்டும். பெண்கள் 1992 முதல் இந்த வழியில்தான் அதிகாரிகளானார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அவர்களுக்கும் நிரந்தரப் பணிக்கான கதவு திறந்தது.

சி.டி.எஸ். தேர்வுக்குக் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் பலர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் என்.சி.சி. 'சி' சான்றிதழ் தேர்வு வருவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். அதற்கு மாணவர் படையில் பெயர் கொடுக்க வேண்டியது முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும் வாரங்களில்.